நான்கு அவனும் ஓர் அதுவும்

கிரிம்ஸ்பி துறைமுகத்தில்
ஐஸ் ஆலை ஏணி சரிந்து ஓர் ஆள் செத்த விசாரணை.
பேசுவதை அப்படியே தட்டச்சு செய்ய
ஏஜென்சி என்னை அனுப்பியிருந்தது.
மணிக்குப் பன்னிரண்டு பவுண்டு. பிஸ்கட் இலவசம்.

முதல் சாட்சி, கேன்டீன் டோரீன் காட்ச்போல்.
மழையிலிருந்து ஆரம்பித்தாள்.
'அது பெய்துகொண்டிருந்தது' என்றாள்.
எது என்று ஒருவரும் கேட்கவில்லை.
இங்கே மழைக்கு முன்னால் எப்போதும் ஓர் 'அது' நிற்கும்,
முகவரி இல்லாமல்,
எந்த விசாரணைக்கும் அழைக்கப்படாமல்.

பிறகு அந்த வாக்கியம்.
ரொட்டிக்கு வெண்ணெய் தடவுகிற வேகத்தில் வந்தது:

அவன் அவனிடம் சொன்னான்
அவன் அதைக் கட்டிவிடுவான் என்று
அவன் திரும்பி வந்ததும்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.
எவன், அம்மா?
அவன்தான்.
அதற்கு அடுத்த அவன்?
அதுவும் அவன்தான். இல்லை, அவன் இல்லை. அவன்.

டோரீன் பொய் சொல்லவில்லை.
அவள் தலைக்குள் நான்கு பேருக்கும் முகம் இருந்தது.
வாயைத் தாண்டியதும் எல்லோரும்
ஒரே மழைக்கோட்டை மாட்டிக்கொண்டார்கள்.

என் மொழியாக இருந்தால்
'தான் வந்ததும் தானே கட்டுவதாக' என்று
ஒரு தான் போட்டு
மதியச் சாப்பாட்டுக்குள் முடித்திருக்கலாம்.
தான் தான் என்று திரிகிறவனை
எவ்வளவு ஏசியிருக்கிறோம்.
அன்று அந்த அறையில்
தான் இல்லாததுதான் குறை.

ஃபோர்மன் வந்தார்.
ஒரு பையன், அவனிடம் ஒரு சாவி,
அது திறக்கிற கிடங்கு, அதில் இருக்கிற கயிறு,
அதை யாரும் எடுக்காத செவ்வாய்க்கிழமை.
இழுவைப் படகின் பின்னே தோணிகள் போல
ஒன்றன் வாலில் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன.
முன்னால் போன படகு என்ன சொல்லிக் கிளம்பியது
என்பதை நானே மேலே போய்ப் பார்க்க வேண்டியிருந்தது.

மேனேஜர் கவனமான ஆள்.
'யாரேனும் ஏறினால்
அவர்கள் சரிபார்த்திருக்க வேண்டும்' என்றார்.
செத்தவன் ஒருவன்.
பன்மை, மரியாதைக்காக அல்ல.

மறுபடி டோரீன்.
கையால் காட்டுங்கள் என்றார்கள்.
முதல் அவனுக்கு விரலை உயர்த்தினாள்,
நெட் சவர்பி உட்கார்ந்திருந்த பக்கம்.
அடுத்த அவனுக்கு
விரல் அறை முழுக்கச் சுற்றிவிட்டு
மடியில் வந்து விழுந்தது.
வில்ஃப் பிளாஞ்சர்டைச் சுட்ட
அங்கே ஒரு நாற்காலிகூட இல்லை.

அப்போது நெட் எழுந்தான். யாரும் கூப்பிடவில்லை.
அதே வாக்கியத்தைச் சொன்னான்.
மூன்று அவனைக் கழற்றிவிட்டு
மூன்று நான் போட்டான்:

நான் அவனிடம் சொன்னேன்
நான் அதைக் கட்டிவிடுவேன் என்று
நான் திரும்பி வந்ததும்.

இலக்கணப் புத்தகம்
கடைசி வரியைத் துணை வாக்கியம் என்கிறது.
தனியாக நிற்காதாம்.
நெட் அதற்குப் பிறகு நிற்கவில்லை,
சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்தான்.
திரும்பி வந்திருக்கிறான். பதினோரு நிமிடம் கழித்து.
டீ குடிக்கத்தான் போயிருக்கிறான்.

மாலையில் தெல்மா பிளாஞ்சர்ட்
தாளை ஒருமுறை பார்க்க வேண்டும் என்றாள்.
நான் கொடுத்திருக்கக் கூடாது, கொடுத்தேன்.
நான்களை எல்லாம் தாண்டி
மிச்சமிருந்த ஒரே அவனிடம் வந்து
கட்டைவிரலை வைத்தாள்.
'இது வில்ஃப்' என்றாள்.
'அப்படியென்றால் அவனிடம் சொல்லியிருக்கிறார்கள்.
அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் ஏறினான்.'

அவன் என்றாளா, அவர் என்றாளா?
அவள் மொழியில் அந்தக் கேள்வி இல்லை.
இதை எழுதும்போது நான்தான்
ஒவ்வொரு வரியிலும் தடுமாறுகிறேன்.

வெளியே வந்தோம்.
அது இன்னும் பெய்துகொண்டிருந்தது.